முட்டம் பாறையில் ஒரு சாயங்காலம்

அப்பாவுக்கு வேலை போன வருஷத்தில்தான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வடக்குப்பட்டிலிருந்து மெரினா ஒன்றும் தூரமில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் போய் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வந்து பெருமையடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது நடக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவுக்குக் கம்பெனியில் ஓ.டி. இருக்கும், ஓ.டி. இல்லாத ஞாயிறுகளில் தூக்கம் இருக்கும். கடைசியில் பக்கத்திலிருந்த மெரினாவை விட்டுவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து, நாகர்கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து, முட்டத்தில் போய்க் கடலைப் பார்த்தோம்.

அப்பா ஒரகடத்தில் காருக்கு சீட் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு ஊரில் பலரும் செய்ததைப் போல அவரும் போய்க் கம்பெனி லைனில் வேலைக்கு நின்றார். மற்றவர்கள் புலம்பிக்கொண்டே போனார்கள். அப்பாவுக்கு உண்மையாகவே அந்த வேலை பிடித்திருந்தது. நீலச் சட்டையை அம்மாவிடம் தரமாட்டார், அவரே தேய்ப்பார். ரோட்டில் புதுக் கார் ஏதாவது நின்றால் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "இது நம்ம சீட்டு" என்பார். காருக்குச் சொந்தக்காரர் வந்து முறைத்தால் அவரிடமும் அதையே சொல்வார்.

ஒரு நாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள் என்று அப்போதும் எனக்குத் தெரியாது, பிறகு விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா இனிமேல் வீட்டில் இருப்பார் என்பதுதான். "எங்கப்பாவுக்கு லீவு வுட்டுட்டாங்க" என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிவிட்டு ஒரு பென்சில் கொடுத்தார். லீவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த லீவில் ஒரு குறை இருந்தது. அப்பா விளையாட வரவில்லை. முதல் இரண்டு மாதம் வழக்கம்போல விடியற்காலையில் எழுந்து ஷேவ் செய்துகொண்டு தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போகும். கடைசி பஸ் போனதும் உள்ளே வந்து மறுபடி படுத்துக்கொள்வார். அப்புறம் ஷேவ் செய்வதும் நின்றது. வேலை கேட்டுப் போன இடங்களில் வயசு அதிகம் என்றார்கள். முப்பத்தெட்டு வயசுக்கு அப்படிச் சொன்னார்கள். தட்டில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஏதாவது கேட்டால் ரொம்ப நேரம் கழித்து, "இன்னா கேட்ட?" என்பார்.

இந்தச் சமயத்தில் எனக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. அப்பா சட்டையை மாட்டினால் போதும், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "பாப்பா, அப்பா கூடப் போ." அப்பா ஏரிப்பக்கம் நடக்கப் போனால் நானும் போகவேண்டும். மொட்டை மாடிக்குப் போனால் மாடிக்கும் போகவேண்டும். பாண்டி ஆட்டத்தில் நான் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்து அப்பாவுக்கு நடக்கத் தோன்றும். ஒரு தடவை அம்மாவே ஏரிக்கரை வரை பின்னால் போய்விட்டாள். அன்றைக்குத்தான் அப்பா சத்தம் போட்டு நான் கேட்டது. "இன்னா, என்னைக் காவல் காக்குறியா?" அதற்குப் பிறகு அம்மா போகவில்லை. என்னிடம் அப்பாவால் கோபப்பட முடியாது, அதனால் நான் போனேன். அப்பாவுக்கு நாய் என்றால் பயம், அதுதான் துணைக்கு அனுப்புகிறாள் என்பது என் முடிவு. அதனால் வழியில் நாய் வந்தால் கல்லெடுத்து விரட்டி என் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் வாடகைக்கு விட்டிருந்தோம். தெற்கேயிருந்து வந்து செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு அம்மாதான் சாப்பாடு. அதில் முட்டத்துக்காரி ஒருத்தியை நான் மாடி அக்கா என்று கூப்பிடுவேன். ரொம்பச் சாது. எங்கள் தெரு நாய் குரைத்தால் அரை மணி நேரம் ஆனாலும் படியிலேயே நிற்பாள். பேசும்போது ஊர்ப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று டி.வி.யில் செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அவளும் அம்மாவும் மாடிப்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவதும், நான் போனால் வெங்காய விலையைப் பற்றிப் பேசுவதும் அந்த நாட்களில் அதிகமாக இருந்தது.

ஒரு நாள் அக்கா, "எங்க ஊர்ல சர்ச் திருவிழா. எல்லாரும் வாங்க, நாலு நாள் இருந்துட்டு வரலாம்" என்றாள். நாங்கள் எங்கேயும் போகிற ஆட்கள் இல்லை. அம்மா யோசிக்கக்கூட இல்லை. அப்பாவிடம் கேட்காமலே சரி என்றுவிட்டாள். டிக்கெட் எடுத்து, பையில் துணி வைத்து, மாடியிலிருந்த மற்றப் பெண்களிடம் சாவி கொடுத்த பிறகுதான் அப்பாவுக்கே தெரியும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் எதுவும் உயரம் கிடையாது. ஏரி, ரோடு, கம்பெனிச் சுவர், அவ்வளவுதான். முட்டத்தில் தரையே ஒரு நிலையில் இல்லை. ரத்தச் சிவப்பில் மண்மேடுகள், மழை அறுத்த பள்ளங்கள், பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம், மேட்டின் மேல் பனைமரம், அதற்கும் மேலே கலங்கரை விளக்கம். அங்கிருந்து நிலம் மூக்கை நீட்டியது போலக் கடலுக்குள் போகிறது. அந்த மூக்கு முழுக்கப் பாறை. வீடு அளவுக்கு, லாரி அளவுக்கு, யானை அளவுக்குப் பாறைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கின்றன. மூன்று பக்கமும் கடல் வந்து அவற்றின்மேல் விழுந்துகொண்டே இருந்தது. நான் நினைத்திருந்த கடல் மணலில் வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகிற கடல். இது வேறு ஜாதி.

படிகளில் இறங்கும்போது அப்பா நின்று கேட்டார். "நம்ம கம்பெனி பிரஸ் ஷாப் மாதிரி சத்தம்" என்றார். ரயிலில் ஏறியதிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. அம்மா என்னவோ பரிசு கிடைத்தது போல அக்காவைப் பார்த்தாள்.

மணி நாலரை இருக்கும். கீழே ஒரு அகலமான தட்டைப் பாறை இருந்தது. அதில் நாங்கள் உட்கார்ந்தோம். அதற்கும் அடுத்த பாறைக்கும் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் மாதிரி இடைவெளி. நடுவில் ஒரு கல். அந்தப் பக்கத்துப் பாறையில் ஐந்தாறு பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அது வரைக்கும் பயமில்ல. அதைத் தாண்டிப் போகக் கூடாது" என்று அக்கா செய்தி வாசிக்கும் குரலில் சொல்லிவிட்டு, எனக்கு ஐஸ்கிரீம் வாங்க மேலே போனாள்.

எனக்கு ஒரு நண்டு கிடைத்திருந்தது. கிடைத்தது என்றால், பாறை இடுக்கில் அது இருந்தது, வெளியே வரச்சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தார். "தண்ணி பட்டுடும்" என்றார். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். என் தலையில் கைவைத்து முடியைக் கலைத்துவிட்டுப் போனார். ரொம்ப நாளாக அவர் அப்படிச் செய்யாததால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் இடைவெளியைத் தாண்டினார். போட்டோ எடுப்பவர்களையும் தாண்டிப் போனார். அக்கா போகக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு, பாறை சரிந்து தண்ணீரில் இறங்குகிற நுனிக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் போட்டோக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா வரவில்லை.

அம்மா ஒரு தடவை கூப்பிட்டாள். சத்தத்தில் அது அவளுக்கே கேட்டிருக்காது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். நண்டு உள்ளே போய்விட்டது.

"பாப்பா, போய் அப்பா கையப் புடிச்சிக்கினு நில்லு."

"நண்டு வருதும்மா."

"நண்டு இங்கதான் இருக்கும். போ. கையப் புடிச்சிக்கோ. அவுரு இன்னா சொன்னாலும் வுடாத. வுடவே கூடாது, இன்னா?"

அவள் விரல் என் தோளில் பதிந்திருந்தது. வலிக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. இடைவெளியின் நடுக்கல்லில் கால்வைத்துத் தாண்டிப் போனேன். பாறை சொரசொரப்பாக இருந்தது, நுனிக்குப் போகப்போக வழுக்கியது. இங்கே நாய் எதுவும் இல்லையே என்று சுற்றிப் பார்த்தது நன்றாக ஞாபகமிருக்கிறது.

அப்பாவின் கையைப் பிடித்ததும் தூக்கிவாரிப்போட்டது போலத் திரும்பினார்.

"நீ ஏண்டி வந்த? அம்மாகிட்ட போ."

"அம்மா கையப் புடிச்சிக்கச் சொல்லிச்சி."

அவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். அம்மா அங்கே நெஞ்சில் கைகளை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"நான் கொஞ்ச நேரம் தனியா நின்னுட்டு வரேன். நீ போ கண்ணு."

"நானும் நிக்கிறேன்."

"இங்கல்லாம் புள்ளைங்க நிக்கக் கூடாது."

"அப்ப நீயும் வா."

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். எனக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒன்றைப் பிரித்தால் இன்னொன்றால் பிடித்தேன். அப்புறம் இரண்டு கையாலும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். "அம்மா வுடக் கூடாதுன்னு சொல்லிச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பாவின் கை பிரிப்பதை நிறுத்தியது. அவர் மூச்சை இழுத்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

என்ன சொல்ல வந்தார் என்று தெரியாது. அப்போதுதான் அந்த அலை வந்தது. அது வந்ததை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது இருட்டு, உப்பு, மூக்குக்குள் ஒரு எரிச்சல், காலுக்குக் கீழே பாறை இல்லை என்பது. நான் பிடித்திருந்த கை இப்போது என்னைப் பிடித்திருந்தது. தோள்பட்டை பிய்ந்துவிடும் போல இழுத்தது. தண்ணீர் வடிந்தபோது அப்பா பாறையில் குப்புறக் கிடந்தார். ஒரு கை பாறை வெடிப்புக்குள், இன்னொரு கை என்னிடம். அவருடைய முழங்காலிலிருந்து ரத்தம் ஓடியது. என் ஒரு கால் செருப்பைக் காணவில்லை.

அவர் என்னை வாரியெடுத்து, தவழ்ந்து, பாறையின் உயர்ந்த பகுதிக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் தாண்டிவந்த இடைவெளி இல்லை. அங்கே கடல் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கல்லும் மூழ்கிப்போயிருந்தது.

"அண்ணே, அசையாதீங்க!"

மாடி அக்காவின் குரல் என்று எனக்குத் தெரியவே இல்லை. அவள் ஐஸ்கிரீமை எங்கேயோ போட்டுவிட்டு, சுடிதார் காலை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, பாறைமேல் பாறையாக ஓடிவந்துகொண்டிருந்தாள். நாய்க்குப் பயந்து படியில் நிற்கிற பெண் எங்களுக்கு நேர் எதிரே, தண்ணீர் விளிம்பில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்துக் கடலை ஒரு பார்வை பார்த்தாள்.

"அங்ஙணயே நில்லுங்க அண்ணே. இப்ப தாண்டப் பிடாது. பெரிய அலை சேர்ந்து சேர்ந்துதான் வரும், பொறவு கொஞ்சம் ஓயும். நான் சொல்லும்பதான் தாண்டணும், கேட்டியளா?"

"சரிம்மா" என்றார் அப்பா, சூப்பர்வைசரிடம் சொல்வது போல.

"புள்ளைய முதுவுல போட்டுக்கிடுங்க. மக்ளே, அப்பா கழுத்தக் கெட்டியாப் பிடி. அழப்பிடாது."

நான் அழவில்லை. ஆனால் அவள் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அப்பா குனிந்து என்னை முதுகில் ஏற்றிக்கொண்டார். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். "கெட்டியாப் புடிச்சிக்கோ" என்றார். "வுடாத கண்ணு. இன்னா ஆனாலும் வுடாத."

ஒரு அலை வந்து போனது. "போவட்டு" என்றாள் அக்கா. இன்னொன்று வந்தது, அது எங்கள் காலை நனைத்தது. "அதுவும் போவட்டு." மூன்றாவதாக ஒன்று வந்தது. அதற்கப்புறம் தண்ணீர் உறிஞ்சியது போல வடிய, நடுக்கல் தலையைக் காட்டியது.

"இப்ப வாங்க!"

அப்பா ஓடினார். நடுக்கல்லில் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால். அது வழுக்கியது. அக்கா அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் சேர்ந்து தட்டைப் பாறையில் விழுந்தோம்.

அம்மா ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தாள், ரொம்ப மெதுவாக. வந்து என்னை முந்தானையில் சுற்றினாள். அப்பாவை நெஞ்சில் ஒரு அடி அடித்தாள். இன்னொரு அடி. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை அப்படியே அவர் சட்டையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அப்பா, "வந்துட்டேன்" என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

என் மனசெல்லாம் செருப்பில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய செருப்பு. கொஞ்ச நேரம் பொறுத்து, வேறு வழியில்லாமல் சொன்னேன். "அம்மா, ஒரு செருப்பு போச்சி."

அம்மா என் இன்னொரு காலைப் பார்த்தாள். குனிந்து மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிக் கடலில் வீசினாள். "ஒத்தையா வெச்சிகினு இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரித்தாள். அப்புறம் அப்பாவும் சிரித்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் தண்ணீர் ஒழுக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டு விழாதது நிம்மதியாக இருந்தது. ஆனால் நல்ல செருப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சிரிக்கிறார்களே என்றும் இருந்தது.

அதற்கு மேல் இரண்டு நாள் அங்கே இருந்தோம். அப்பா காலையில் அக்காவின் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய், படகுகள் வருவதைப் பார்த்து, மீன் கூடை தூக்கி, வெயிலில் கறுத்துத் திரும்பினார். "அப்பா கூடப் போ" என்று அம்மா சொல்லவில்லை. எனக்கு வேலை போய்விட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. நாற்காலி இன்னும் சில மாதம் தெருவைப் பார்த்தே கிடந்தது. ஆனால் ஒரு நாள் அப்பா எழுந்து போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். லைசென்ஸ் வாங்கி, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆட்களை ஏற்றிப்போகிற கம்பெனி வேன் ஓட்ட ஆரம்பித்தார். இப்போதும் ஓட்டுகிறார். நான் வேலை பார்க்கிற கம்பெனியின் ஷிப்ட்டும் அவருடைய வேனில்தான் போகிறது. நான் ஏறியதும் சீட்டைக் காட்டி, "இது நம்ம சீட்டு இல்ல, சுமாரா இருக்கும்" என்பார்.

அன்றைக்கு அந்தப் பாறை நுனியில் என்ன நினைத்து நின்றார் என்று நான் கேட்டதில்லை. ஒன்றுமே நினைக்காமல்கூட நின்றிருக்கலாம். அம்மாவும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் அன்றைக்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னது யாருக்காக என்பது மட்டும், எத்தனையோ வருஷம் கழித்து, காரணமே இல்லாமல் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போது எனக்குப் புரிந்தது. அதுவரை, நான் விழுந்துவிடக்கூடாது என்று அம்மா சொன்னாள், அப்படியும் நான் விழப்பார்த்தேன், அப்பா காப்பாற்றினார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பாறையிலிருந்து அக்கா வீட்டுக்குப் போனதும் ஈரம் துடைத்து உட்காரவைத்தார்கள். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அக்காவின் அம்மா அவர்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து, தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு வைத்திருந்தார்கள். அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். தட்டு காலியானதும் தானாகவே, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். அம்மா சாப்பிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வீட்டில் இப்படிக் கேட்டுச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் வலது கையை எடுத்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தடவினாள். பிறகு அதைத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே ரொம்ப நேரம் இருந்தாள். மீன் வாசனை போய்விட்டதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது.

"சோப்புப் போட்டுத்தாம்மா கழுவினேன்" என்றேன்.